நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

நோர்டால், வடக்கு டக்கோட்டா
ஆகஸ்ட் 28, 1994

அன்புள்ள ஹால்வர் அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். முடி வெட்டிக்கொண்டாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். நான் கேட்க வேண்டியது வேறு. போனில் கேட்கலாம் என்றால் அது சமையலறைச் சுவரில் தொங்குகிறது, பேச எடுத்தால் வீடே சுற்றி நிற்கும். அதனால்தான் கடிதம்.

கோடை விடுமுறைக்கு நீ வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதை வழக்கம்போல முதலில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வாசித்தாள் அம்மா. அப்புறம் வியாழக்கிழமை தேவாலயத்தில், பெண்கள் காபிக் கூட்டத்தில், எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "இன்னும் ஆறு வருஷம். அப்புறம் நம்ம ஊருக்கே டாக்டர்"னு யாரோ சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். கையில் காபிக் கெண்டி இருந்ததால்தான் தட்டவில்லை, பொறாமை எல்லாம் இல்லை.

இப்போது விஷயம். என் முன்னால் இரண்டு படிவம் கிடக்கிறது. ஒன்று உன் ஆல்டன்பரிக் கல்லூரி. முன்கூட்டியே விண்ணப்பிக்கிற படிவம். ஒரே இடத்துக்குத்தான் போடலாம், அவர்கள் சரி என்றால் போயே தீரவேண்டும். நான், அப்பா, பள்ளிக்கூட ஆலோசகர் ட்வீட்டன் சார், மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று நம் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிராம மருத்துவர் திட்டம். மாவட்டத்துக்கு ஒரே ஒருவர். சுமாரான மதிப்பெண் எடுத்தாலே மருத்துவக் கல்லூரியில் இடம் வைத்திருப்பார்கள், படித்து முடித்து ஊருக்கு வந்து வேலை பார்க்க வேண்டும். வேறெங்கும் வாக்குக் கொடுத்தவர்களை அவர்கள் தொடமாட்டார்கள். இரண்டுக்கும் கடைசி நாள் நவம்பர் ஒன்று.

நீயும் இதே திட்டத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டுத்தானே அங்கே போனாய்? ஆல்டன்பரி அனுப்பிய புத்தகத்தில், மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் எங்கள் மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு இடம் கிடைக்கிறது என்று போட்டிருக்கிறது. அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டார்.

எங்கே போடட்டும்? நேராகச் சொல்.

உன் அன்புத் தங்கை,
சிக்னி


ஆல்டன்பரி
செப்டம்பர் 14, 1994

அன்புள்ள அப்பா, அம்மா, சிக்னிக்கு,

நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். கோதுமை அறுவடை முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவின் முதுகு எப்படி இருக்கிறது?

மூன்றாம் வருட வகுப்புகள் தொடங்கிவிட்டன. பேராசிரியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு ஆகிவிட்டேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது. அம்மாவின் உருளைக்கிழங்கு லெஃப்ஸா மாதிரி ரொட்டி மட்டும் எங்கேயும் கிடைப்பதில்லை. காபிக் கூட்டத்தில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

சிக்னி, நீ கேட்டிருந்தாய். மாநிலத் திட்டம் நல்ல திட்டம். வீட்டுக்கும் பக்கம். அதையே யோசித்துப் பார். ஆல்டன்பரியும் மோசமில்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஹால்வர்


நோர்டால்
செப்டம்பர் 25, 1994

டேய் அண்ணா,

சுகம்தானே? இங்கே சுகத்துக்குக் குறைச்சல் இல்லை. கோபம்தான் கொஞ்சம் அதிகம்.

நேராகச் சொல் என்றுதானே கேட்டேன்? "யோசித்துப் பார், மோசமில்லை"யாம். கால்நடை மருத்துவர்கூட நம் பசுவிடம் இதைவிட விவரமாகப் பேசுவார். மேஜையில் அந்த வரி வந்ததும் அம்மா நிறுத்திவிட்டாள். அப்பா சிரித்தார். "தன்னடக்கம்மா அது. தங்கச்சி வந்தா நம்மளை மிஞ்சிருவாளோன்னு பயம்"னார். வியாழக்கிழமை கூட்டத்தில் அந்த வரியையே அம்மா விட்டுவிட்டு வாசித்தாள். நான் கவனித்தேன்.

நீ பெரிய இடத்தில் படிக்கலாம், நான் மாட்டுக்கொட்டகைப் பக்கத்திலேயே படிக்க வேண்டும், அப்படித்தானே?

ஜூலையில் நடந்ததை நான் உனக்கு முழுசாக எழுதவில்லை. வெர்லின் மாமாவின் கால் தானியம் ஏற்றும் திருகில் மாட்டியபோது பக்கத்தில் இருந்தது நான்தான். ஊர் மருத்துவமனையை மூடி இரண்டு வருஷம் ஆகிறதே, அறுபத்தெட்டு மைல் போக வேண்டும். அப்பா வண்டி ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் தொடையை அழுத்திக்கொண்டே போனேன். "விட்டுடாதே பொண்ணு, விட்டுடாதே"ன்னு மாமா சொல்லிக்கொண்டே வந்தார். விடவில்லை. அவர் பிழைத்தார். கால் போய்விட்டது. நாற்பது மைல் முன்னால் ஒரு டாக்டர் இருந்திருந்தால் காலும் இருந்திருக்கும் என்று அங்கே சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்கு வேறு எந்த யோசனையும் இல்லை. நான் டாக்டர் ஆகியே தீரவேண்டும் அண்ணா. எந்த வழியாகப் போனால் ஆவேன் என்பதுதான் கேள்வி. உனக்குப் பதில் தெரியும்.

மேஜையில் வாசிக்க முடியாதது ஏதாவது இருந்தால் தபால் நிலையத்தில் என் பெயருக்கே போடு, வீட்டு முகவரி எழுதாதே. டெலோரஸ் அக்காவிடம் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு காரணம் சொல், போதும். நீ சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சிக்னி


ஆல்டன்பரி
அக்டோபர் 11, 1994

அன்புள்ள சிக்னிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. நீ படித்ததும் கிழித்துவிடு.

மாநிலத் திட்டத்தில் கையெழுத்துப் போடு. காரணம் இதுதான்.

அந்தத் தொண்ணூற்றாறு பொய் இல்லை. ஆனால் அதை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்று புத்தகத்தில் போடமாட்டார்கள். முதல் வருடம் டாக்டர் கனவோடு முந்நூறு பேர் வேதியியல் வகுப்பில் உட்கார்ந்தோம். எல்லாரும் நன்றாக எழுதினாலும் இத்தனை பேருக்குத்தான் முதல் தரம் என்று முன்பே முடிவு செய்திருப்பார்கள். நூலகத்தில் எல்லாருக்கும் பொதுவாக வைத்த புத்தகத்தை ஒருத்தன் வேறு அலமாரியில் ஒளித்துவைப்பான். பலர் அதே பாடத்தை வசதியான பள்ளிக்கூடங்களில் ஏற்கெனவே படித்துவிட்டு வந்தவர்கள். நான் பதினோரு பேர் படித்த வகுப்பில் முதலாவதாக வந்தவன்.

இரண்டாம் வருட முடிவில் ஒரு குழு கூப்பிட்டுப் பேசும். ஐந்து பேர், நீள மேஜை, தண்ணீர் ஜாடி. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க அந்தக் குழுவின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அது இல்லாமல் போனால் எந்தக் கல்லூரியும் திரும்பிப் பார்க்காது. நடுவில் இருந்தவர் ரொம்ப அன்பாகத்தான் பேசினார். "நீ நல்ல பையன் ஹால்வர். ஆனா உனக்கு எங்க கடிதம் கிடைக்காது. விண்ணப்பிக்காம இருந்துட்டா உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது"ன்னார். கடிதம் கொடுத்தவர்களை மட்டும் எண்ணித்தான் தொண்ணூற்றாறு. நான் தோற்ற நாலு பேரில்கூட இல்லை சிக்னி. என்னை எண்ணவே இல்லை.

இது மே மாதம். கோடையில் ஆய்வுக்கூட வேலை எதுவும் பார்க்கவில்லை. ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் விரிப்பு துவைத்தேன். இப்போதும் மாலையில் அங்கேதான் போகிறேன். வகுப்புக்குப் போவதில்லை. காலையில் எழுந்து ஒரு ஷூவைப் போட்டுக்கொண்டு அடுத்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். மணி பன்னிரண்டு ஆகிவிடுகிறது. என்ன நடக்கிறது என்று எனக்கே புரியவில்லை. ஒரு வருடமாக அம்மா நின்றுகொண்டு வாசித்த கடிதம் அத்தனையும் பொய்.

நீ என்னைவிடக் கெட்டிக்காரி. வெர்லின் மாமாவின் காலை விடாமல் பிடித்தவள். ஆனால் இங்கே யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். நம் மாநிலத்தில் கேட்பார்கள்.

அப்பாவிடம் கிறிஸ்துமஸுக்கு வந்து நானே சொல்கிறேன். அதுவரை யாருக்கும் தெரியவேண்டாம்.

அண்ணன்


நோர்டால்
அக்டோபர் 30, 1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நாங்கள் நலம். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது.

பதினெட்டு நாள் தபால் நிலையத்துக்கு நடந்தேன். கடைசியில் நான் கதவைத் திறக்கும்போதே டெலோரஸ் அக்கா தலையாட்டிவிடுவாள், இல்லையென்று. அவளுக்கே பாவமாகிவிட்டது போல, முகத்தையே பார்க்கமாட்டேன் என்கிறாள். சரி, உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மோசமாக ஏதாவது இருந்தால் எனக்காவது எழுதியிருப்பாய். அந்த அளவுக்கு உன்னை நம்புகிறேன்.

இன்று ஆல்டன்பரி படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்து, மேஜையைத் துடைக்கச் சொல்லி, நிதானமாகப் போட்டார். "பாரு பாப்பா, இது வாக்கு. அவங்க கூப்பிட்டா போகணும். பின்வாங்கறது நம்ம குடும்பத்துல கிடையாது"ன்னார். அம்மா கை கழுவிக்கொண்டே நின்றாள், ரொம்ப நேரம். மாநிலப் படிவத்தை அடுப்பில் போட எடுத்தேன், ட்வீட்டன் சார் வைத்திருக்கச் சொல்லியிருந்தார், வைத்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் இந்நேரம் உன் பக்கத்து அறையில் இருப்பேன். என் துணியையும் சேர்த்து நீதான் துவைக்க வேண்டும்.

சிக்னி


நோர்டால்
நவம்பர் 4, 1994

அன்பு மகன் ஹால்வருக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் எல்லாரும் ஆண்டவர் கிருபையால் சுகம். உன் சுகத்துக்காகத்தான் தினமும் ஜெபிக்கிறேன்.

சிக்னிக்கு நீ எழுதியது என்னிடம் வந்தது. நான் பள்ளிக்கூடச் சமையல் முடிந்து வரும்போது டெலோரஸ் கூப்பிட்டாள். "உன் பையன் எழுத்து மாதிரி இருக்கு, அவ பேருக்கு வந்திருக்கு"ன்னாள். பிறந்தநாளுக்கு ஏதோ ரகசியம் பண்ணுகிறான், நான் வாங்கினதைச் சொல்லிவிடாதே என்று பொய் சொல்லி வாங்கினேன். வண்டியில் உட்கார்ந்து படித்தேன். மூன்று தடவை படித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கமாட்டேன். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். அந்த ஷூ விஷயத்தைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது ராசா. என் சித்தப்பாவும் அப்படித்தான் ஒரு குளிர்காலம் முழுக்கக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வசந்தத்தில் அவரைக் கொட்டகையில் உயிரில்லாமல்தான் பார்த்தோம். நான் அங்கே வர முடியாது. அப்பாவிடம் என்னவென்று சொல்லிவிட்டு வருவேன்? அவளை அனுப்பலாம். அவள் வந்தால் உன்னை எழுப்பிவிடுவாள். சத்தம் போட்டாவது சாப்பிட வைப்பாள். அவளுக்குப் படிப்பு எங்கே போனாலும் வரும். உனக்கு ஆள் வேண்டும்.

செப்டம்பர் வரை தாக்குப்பிடி. அவளிடம் ஒன்றும் சொல்லாதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.

அம்மா


நவம்பர் 15, 1994

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். காலுறை வந்தது. இதை உன் பள்ளிக்கூடச் சமையலறை முகவரிக்கு அனுப்புகிறேன்.

அம்மா, அவளைத் தடுத்துவிடு. டிசம்பர் நடுவில்தான் முடிவு சொல்வார்கள். அதற்குள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு சீட்டு எழுதினால் போதும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நீ நினைக்கிற மாதிரி நான் அங்கே இல்லவே இல்லை. அக்டோபர் 21ஆம் தேதி கல்லூரியைவிட்டு வந்துவிட்டேன். ஊர் அதேதான், கல்லூரி இல்லை. சலவைக் கூடத்தில் முழுநேர வேலை. மேல்மாடியில் ஓர் அறை. கடிதங்களை மட்டும் பழைய அறை நண்பன் எடுத்து வைக்கிறான். அவள் வந்து தேடினால் அந்த அறையில் வேறு யாரோ இருப்பார்கள்.

என்னைக் காப்பாற்ற அவளை அனுப்பாதே. அவளையும் அந்த நீள மேஜைக்கு முன்னால் உட்கார வைப்பார்கள்.

நீ கேட்கலாம், நீயே அவளுக்கு எழுதேன் என்று. மூன்று தடவை உட்கார்ந்தேன். முதல் தடவை வந்த தைரியம் திரும்ப வரவில்லை. எல்லாவற்றையும் திரட்டி அந்த ஒரு கடிதத்தில் போட்டிருந்தேன், அம்மா.

ஹால்வர்


நோர்டால்
டிசம்பர் 1, 1994

அன்பு மகனுக்கு,

இங்கே அனைவரும் நலம். தேவாலயத்து லூட்டஃபிஸ்க் மீன் விருந்து நல்லபடியாக நடந்தது. இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். மீன் நாற்றம் இன்னும் என் கோட்டிலிருந்து போகவில்லை. அப்பா இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டார். உன் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம் வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் படிப்பு அதிகம், வரமுடியாது என்று நீ எழுதியதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அப்பா முகத்துக்கு முன்னால் வந்து நிற்க இப்போது உன்னால் முடியாது, எனக்குத் தெரியும்.

மற்றதெல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

அந்தச் சலவைக் கூடம் கல்லூரியிலிருந்து எவ்வளவு தூரம்? அவள் நடந்து வந்துவிடலாமா?

அம்மா


நோர்டால்
டிசம்பர் 18, 1994

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எழுந்திருக்கிறாயா? சாப்பிடுகிறாயா?

வியாழக்கிழமை தடித்த உறை வந்தது. எடுத்துவிட்டார்கள். அப்பா களஞ்சியத்திலிருந்து ஓடி வந்தார், அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அவர் போன பிறகு அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். "நான் உன்னைக் கெடுத்துட்டேன்டி"ன்னு ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கடிதம், அடுப்பு, சலவைக் கூடம் எல்லாம். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா கேட்டா நான் இல்லைன்னுதான் சொல்லுவேன்"ன்னாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் வருகிறது, போகிறது. உன்மேல் வந்தது போகவே இல்லை. ஆகஸ்டில் கேட்டேனே, பாவி! ஒரு வரி போட்டிருக்கலாமே. நான் என்ன, மேஜையா? தேவாலயமா?

இப்போது கவனமாகக் கேள். நம் மாவட்டத்துக்கு எடுத்த பையன் மாநிலத் திட்டத்திலிருந்து விலகிவிட்டான், அவன் அப்பாவுக்கு நிலத்தில் ஆள் வேண்டுமாம். ட்வீட்டன் சார் போன் பண்ணிக் கேட்டார். ஜனவரி 16 வரை இடத்தை எனக்காக வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆல்டன்பரி என்னை விடுவித்த கடிதம் வேண்டும். அதைக் கேட்கிற தாளில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பாவிடம் கேட்டேன். "காரணம்?"னார். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். "பயத்துக்கெல்லாம் வாக்கை மாத்த முடியாது. உன் அண்ணன் அங்க இல்லையா? அந்த இடம் சரியில்லைன்னு அவன் ஒரு வரி எழுதட்டும், இப்பவே போட்டுத் தரேன்"னார்.

நானே சொல்லலாம். சொல்லத்தான் மூன்று தடவை களஞ்சியத்துக்குப் போனேன். நம்பமாட்டார் அண்ணா. உன் கடிதங்களை நூல் போட்டுக் கட்டி அவர் அலமாரியில் வைத்திருக்கிறார். அந்தக் கட்டுக்கு முன்னால் என் வாய்வார்த்தை என்ன ஆகும்? அம்மாவும் இல்லை என்பாள். அண்ணன்மேல் பழி போடுகிற பெண் என்றுதான் ஆகும்.

நீ எழுது. ஒரு வரி. முழுக்கதையும் வேண்டாம். "சிக்னிக்கு இது சரியான இடம் இல்லை, அப்பா." அவ்வளவுதான். எனக்கு எழுதும் பதிலை மட்டும் ட்வீட்டன் சார் வீட்டு முகவரிக்குப் போடு.

உன்னைக் கெஞ்சுகிறேன்.
சிக்னி


டிசம்பர் 28, 1994

அன்புள்ள சிக்னிக்கு,

எழுந்திருக்கிறேன். சாப்பிடுகிறேன்.

எழுதுகிறேன். அப்பாவுக்கே எழுதுகிறேன். ஒரு வரி இல்லை, முழுவதும் எழுதுகிறேன். புது வருடம் பிறந்ததும் அவர் கையில் இருக்கும். உனக்கு நான் செய்ததற்கு இதையாவது செய்யாவிட்டால் நான் எதற்கு?

அழாதே.
அண்ணன்


நோர்டால்
ஜனவரி 3, 1995

அன்பு மகன் ஹால்வருக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். முதுகு பரவாயில்லை. குளிர் சுழியத்துக்குக் கீழே முப்பது. வண்டி கிளம்பவில்லை.

சிக்னி முகம் சரியில்லை. அவளுக்கு அந்தக் கல்லூரி வேண்டாமாம், ஏன் என்று சொல்லமாட்டேன் என்கிறாள். நான் ஒரு தடவை கையெழுத்துப் போட்டதை மாற்றியது கிடையாது. ஆனால் என் பெண்ணைவிட அது பெரிசு இல்லை. இரண்டு வருடமாக அங்கே இருக்கிறவன் நீ. உள்ளது உள்ளபடி எழுது. நல்லதோ கெட்டதோ, நீ எழுதுவதை நான் நம்புவேன். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது. 13ஆம் தேதிக்குள் என் கையில் கிடைக்கிற மாதிரி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா


ஆல்டன்பரி
ஜனவரி 9, 1995

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் கண்டு மிகவும் மகிழ்ச்சி. நீங்கள் உங்கள் கையால் எனக்கு எழுதியது இதுதான் முதல் தடவை. அதைப் பலமுறை படித்தேன். பதில் எழுதவும் பலமுறை உட்கார்ந்தேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

வகுப்புகள் நன்றாகப் போகின்றன. கடந்த பருவத்து மதிப்பெண்கள் மோசமில்லை. மருத்துவமனையிலும் கொஞ்சம் வேலை பார்க்கிறேன், நல்ல அனுபவம்.

சிக்னியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டைவிட்டுக் கிளம்பப் போகிற எல்லாருக்கும் வருகிற பயம்தான் அது. எனக்கும் வந்தது. நீங்கள் கவலைப்பட வேண்டாம். இது நல்ல இடம். அவள் புத்திசாலி, சமாளித்துவிடுவாள். கையெழுத்தை மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குளிரில் வெளியே அதிகம் நிற்காதீர்கள். அம்மாவுக்கு என் அன்பு.

சிக்னியிடம் சொல்லுங்கள், செப்டம்பரில் ரயில் நிலையத்துக்கு நானே வந்து அவளைக் கூட்டிப்போகிறேன்.

உங்கள் அன்பு மகன்,
ஹால்வர்